குழந்தை உயர் நாற்காலி

குழந்தை உயர் நாற்காலி என்பது, தாமாக உட்காரத் தொடங்கிய குழந்தைகளை உணவு மேசையின் உயரத்துக்கு உயர்த்தி அமர வைத்து உணவூட்டப் பயன்படும் இருக்கை ஆகும். உயரமான கால்கள், முதுகுச் சாய்வு, குழந்தை நழுவாமல் பிடிக்கும் வார், உணவு வைப்பதற்கான முன்தட்டு ஆகியவை இதன் முதன்மை உறுப்புகள். பொதுவாக ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகள் இதைப் பயன்படுத்துகின்றனர். ஆங்கிலப் பெயரை ஒட்டித் தமிழ்ப் பேச்சு வழக்கில் இது ஹை சேர் எனப்படுகிறது.

பார்வைக்கு எளிய பொருளாக இருப்பினும், நிலைப்பு, உட்காரும் நிலை, துப்புரவு என ஒன்றுக்கொன்று முரண்படும் பல தேவைகளை இது ஒருங்கே நிறைவு செய்யவேண்டியுள்ளது. விலை மிகுந்த நாற்காலியே சிறந்த நாற்காலி என்று கொள்வதற்கில்லை.

வரலாறு

குழந்தையை உயர்த்தி அமர வைக்கும் இருக்கைகள் பழைமையானவை. ஏதென்சு நகரின் பண்டைய சந்தைவெளியான அகோராவில் நடந்த அகழ்வாய்வில், கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுடுமண் குழந்தை இருக்கை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. உயரமான அடிப்பகுதியும், கால்களை வெளியே விடுவதற்கான துளையும் கொண்ட அது, மலசலக் கலமாகவும் பயன்பட்டது. அதையொத்த இருக்கையில் குழந்தை அமர்ந்திருக்கும் காட்சி கிரேக்கக் கிண்ண ஓவியத்திலும் காணப்படுகிறது.

இங்கிலாந்தில் 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மர உயர் நாற்காலிகள் இன்றும் எஞ்சியுள்ளன. அவற்றில் முன்தட்டு இல்லை. நாற்காலி நேரே மேசையருகில் இழுத்துப் போடப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டில் மடித்தால் தள்ளுவண்டியாக மாறும் மர நாற்காலிகள் விற்பனைக்கு வந்தன. 20 ஆம் நூற்றாண்டில் எஃகுக் குழாய்களும் நெகிழியும் மரத்தின் இடத்தைப் பெருமளவில் பிடித்துக்கொண்டன.

1972 இல் நோர்வே நாட்டு வடிவமைப்பாளர் பீட்டர் ஒப்சுவிக், இசுட்டோக்கே நிறுவனத்துக்காக டிரிப் டிராப் என்னும் நாற்காலியை வடிவமைத்தார். இது இத்துறையில் ஒரு திருப்பமாக அமைந்தது. சாய்வான இரு மரச் சட்டங்களில் வரிசையாகப் பள்ளங்கள் வெட்டப்பட்டு, அவற்றில் இருக்கைப் பலகையும் கால்தாங்கிப் பலகையும் செருகப்படுகின்றன. குழந்தை வளர வளரப் பலகைகளை இறக்கிக்கொள்ளலாம். பெரியவர்களும் அதில் அமரலாம். குழந்தையைத் தனித் தட்டின் பின்னால் ஒதுக்கி வைக்காமல், குடும்பத்தாருடன் ஒரே மேசையில் அமர்த்துவதே இதன் அடிப்படை எண்ணம்.

இதற்கு நேர் எதிரான தீர்வு சுவீடனின் ஐக்கியா நிறுவனம் விற்கும் ஆன்டிலோப் ஆகும். ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்ட பாலிபுரொப்பிலீன் இருக்கை, கழற்றக்கூடிய நான்கு எஃகுக் குழாய்க் கால்கள், ஒரு வார் என்பவற்றோடு அது முடிந்துவிடுகிறது. மெத்தை இல்லை, சாய்மானத்தை மாற்ற இயலாது, சக்கரங்கள் இல்லை. பல நாடுகளின் உணவகங்களில் இந்நாற்காலியைக் காணலாம். குறைவான உறுப்புகள் என்பதே இதன் வலிமை.

பயன்படுத்தத் தொடங்கும் காலம்

பிறந்து ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலுடன் இணை உணவு தொடங்கலாம் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. உயர் நாற்காலியின் தேவையும் ஏறத்தாழ அப்போதே எழுகிறது. எனினும் நாட்காட்டியைவிடக் குழந்தையின் உடல் வளர்ச்சியே முதன்மையானது. தலை ஆடாமல் நிற்கவேண்டும். சிறிதளவு தாங்கலுடன் முதுகு நிமிர்ந்து இருக்கவேண்டும். இந்நிலையை அடையாத குழந்தையைத் தலையணைகள் செருகி நாற்காலியில் நிறுத்துவது சரியான முறையன்று.

சில நாற்காலிகள் பின்னோக்கிச் சாயும் வசதியுடன் விற்கப்படுகின்றன. இவ்வசதி, உணவு உண்ணாதபோது கைக்குழந்தையை அருகில் கிடத்தி வைத்திருக்க உதவும். சாய்ந்த நிலையில் திட உணவு ஊட்டினால், குழந்தை விழுங்கத் தயாராகும் முன்னரே உணவு தொண்டைக்குச் சென்று புரையேறக்கூடும். எனவே உணவூட்டும் வேளையில் முதுகுச் சாய்வு நிமிர்ந்தே இருக்கவேண்டும். சாய்வு வசதிக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் அதைச் சில வாரங்களே பயன்படுத்துவர்.

நிலைப்பு

உயர் நாற்காலியின் இயல்பான குறை அதன் பெயரிலேயே உள்ளது. இருக்கை உயர உயர ஈர்ப்பு மையமும் உயர்கிறது. அதற்கு ஈடுசெய்யக் கால்கள் இருக்கையைவிட அகலமாக விரிந்திருக்கவேண்டும். குறுகிய கால்கள் சமையலறையில் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் எளிதில் கவிழும். அகலமான கால்கள் கவிழா. ஆனால் பெரியவர்களின் கால்களை இடறும். எந்த வடிவமைப்பும் இவ்விரண்டையும் முழுமையாகத் தவிர்த்ததில்லை. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டுமெனில், இடறுவதைப் பொறுத்துக்கொள்வதே நல்லது.

ஒரு கணக்கு இதை விளக்கும். நாற்காலியின் எடை 6 கிலோகிராம், குழந்தையின் எடை 10 கிலோகிராம் எனக் கொள்வோம். ஈர்ப்பு மையத்திலிருந்து பின்கால் ஊன்றும் கோடு வரை கிடைத் தொலைவு 28 சென்டிமீட்டர் என்றும், குழந்தை தன் கால்களால் மேசை விளிம்பை 70 சென்டிமீட்டர் உயரத்தில் உதைக்கிறது என்றும் கொண்டால், நாற்காலியைப் பின்புறம் கவிழ்க்க 16 × 28 ÷ 70, அதாவது 6.4 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை தேவை. அத்தொலைவு 20 சென்டிமீட்டராகக் குறைந்தால் 4.6 கிலோகிராம் போதும். குழந்தை இருக்கையில் எழுந்து நின்று பின்னால் சாய, ஈர்ப்பு மையம் மேலும் 8 சென்டிமீட்டர் பின்னே நகர்ந்தால், தேவைப்படும் விசை 2.7 கிலோகிராமாகிவிடுகிறது. முதலில் அசையாமல் நின்ற நாற்காலி, குழந்தை எழுந்து நின்றதும் சிறு உதைக்கே கவிழ்வதன் காரணம் இதுவே.

நாற்காலியை மேசைக்கு மிக அருகிலோ சுவருக்கு அருகிலோ வைத்தால், குழந்தை அவற்றைக் கால்களால் உதைத்துத் தள்ள வாய்ப்புக் கிடைக்கிறது. சக்கரங்கள் உள்ள நாற்காலியில், குழந்தை அமர்ந்திருக்கும்போது சக்கரப் பூட்டுகள் போடப்பட்டிருக்கவேண்டும். மடிக்கும் நாற்காலிகளில் விரிந்த நிலையில் பூட்டு விழுந்துள்ளதா என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். கடையில் வாங்கும்போது இருக்கையின் மேல்விளிம்பைப் பிடித்து நாற்புறமும் மெல்லச் சாய்த்துப் பார்த்தாலே பெரும்பாலானவை புலப்பட்டுவிடும்.

வார்ப்பட்டை

வார்கள் மும்முனை, ஐம்முனை என இரு வகைப்படும். மும்முனை வார் இடுப்பையும் கால்களின் இடைப்பகுதியையும் பிடிக்கிறது. ஐம்முனை வார் அவற்றுடன் இரு தோள்களையும் பிடிப்பதால், குழந்தை எழுந்து நிற்பதைக் கூடுதலாகத் தடுக்கிறது. வயிற்றைச் சுற்றி மட்டும் கட்டும் வார் போதுமானதன்று. குழந்தை கீழே வழுக்கி, வார் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதில் உண்டு. இவ்வழுக்கலைத் தடுக்கவே பல நாற்காலிகளில் குழந்தையின் கால்களுக்கிடையே ஒரு தடுப்புத் தண்டு பொருத்தப்படுகிறது.

முன்தட்டு ஒரு காப்புறுப்பு அன்று. தட்டைப் பூட்டிவிட்டால் குழந்தை வெளியே வராது என்னும் எண்ணத்தில் வாரைக் கட்டாமல் விடுவது பரவலான பிழை.

கால்தாங்கி

வாங்குவோர் மிகுதியாகக் கவனிக்காத உறுப்பு கால்தாங்கி ஆகும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்றும் ஏறத்தாழ 90 பாகையில் மடிந்து, பாதம் ஒரு பரப்பில் ஊன்றியிருக்கும் நிலை உண்பதற்கு ஏற்றது. உடல் நிலையாக இருந்தால்தான் குழந்தையால் கையையும் வாயையும் ஒருங்கிணைத்து இயக்க முடியும். பெரியவர் ஒருவர் கால் எட்டாத உயரமான முக்காலியில் அமர்ந்து ஒரு வேளை உணவு உண்டு பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

கால்தாங்கியின் உயரம் மாற்றத்தக்கதாக இருக்கவேண்டும். ஆறு மாதக் குழந்தைக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கும் கால் நீளம் ஒன்றன்று. எளிய ஆன்டிலோப்பின் பெருங்குறையாகச் சொல்லப்படுவது அதில் கால்தாங்கி இல்லாததே. அதன் கால்களில் மாட்டக்கூடிய கால்தாங்கிகளைப் பிற நிறுவனங்கள் தனியே செய்து விற்கின்றன.

முன்தட்டும் துப்புரவும்

நாள்தோறும் மூன்று நான்கு முறை கழுவவேண்டிய பொருள் இது என்பது கடையில் நிற்கும்போது நினைவுக்கு வருவதில்லை. துணி உறையிட்ட மெத்தைகள் அழகாகத் தோன்றும். ஆனால் தையல் ஓரங்களில் கூழும் பழச்சாறும் ஊறி நாற்றமெடுக்கும். திருகாணிகளின் தலை, தட்டின் தண்டவாளம், வார் நுழையும் பிளவு ஆகியன உணவுத் துணுக்குகள் தங்கும் இடங்கள். இவை எண்ணிக்கையில் குறைந்த நாற்காலியே நடைமுறையில் சிறந்தது. வாரைக் கழற்றித் துவைக்க முடிகிறதா என்பதும் பார்க்கவேண்டியதாகும்.

தட்டை ஒரு கையால் கழற்ற முடியவேண்டும். மறு கையில் பெரும்பாலும் குழந்தை இருக்கும். தட்டின் விளிம்பு சற்று உயர்ந்திருந்தால் சிந்திய நீர் குழந்தையின் மடியில் வழியாது. தட்டு குழந்தையின் மார்பளவுக்கு மேல் இருந்தால், குழந்தை தோள்களைத் தூக்கியபடியே உண்ண நேரிடும். இது பல நாற்காலிகளில் காணப்படும் குறை.

பருப்புச் சோறு ஊட்டும் வீடுகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மஞ்சளிலுள்ள குர்க்குமின் வெள்ளை நெகிழியில் கறையாகப் படிந்துவிடும். சோப்பினால் இது எளிதில் நீங்குவதில்லை. குர்க்குமின் ஒளியில் சிதைவதால், கழுவிய தட்டை வெயிலில் வைத்தால் கறை பெரிதும் மங்கும்.

வகைகள்

தனியே நிற்கும் நிலையான நாற்காலி, மடிப்பு நாற்காலி, வளரும் நாற்காலி ஆகியன மேலே குறிப்பிடப்பட்டன. இவை தவிர, மேசை விளிம்பில் கவ்வி மாட்டும் இருக்கைகளும் உள்ளன. பயணத்துக்கும் சிறிய வீடுகளுக்கும் இவை ஏற்றவை. ஆனால் கண்ணாடி மேசை, நடுவில் ஒற்றைக் கால் கொண்ட மேசை, விரிப்பு இட்ட மேசை ஆகியவற்றில் இவற்றை மாட்டக்கூடாது. குழந்தையின் கால் எட்டும் தொலைவில் வேறு நாற்காலி இருப்பின், குழந்தை அதை உதைத்து இருக்கையையே கழன்றுவிடச் செய்யக்கூடும்.

பெரியவர்களின் நாற்காலி மீது வார் கொண்டு கட்டப்படும் சிற்றிருக்கை மற்றொரு வகை. விலை குறைவு, வைக்க இடமும் தேவையில்லை. இதன் உறுதி முழுவதும் அடியிலுள்ள நாற்காலியைப் பொறுத்தது. தரையில் அமர்ந்து உண்ணும் தமிழ் வீடுகளில் உயரக் கால்களுக்குப் பொருளில்லை. அங்கு இச்சிற்றிருக்கையைத் தரையிலேயே வைத்து, முன்தட்டுடன் பயன்படுத்தலாம். இடுப்பில் தூக்கி வைத்து வேடிக்கை காட்டி ஊட்டும் வழக்கம் உள்ள வீடுகளில், குழந்தை நாற்காலிக்குப் பழகச் சில நாட்கள் பிடிக்கும்.

குழந்தையே கையால் எடுத்து உண்ணும் முறையைப் பிரித்தானியரான கில் இராப்ளே 2008 இல் வெளியான நூலின் வழியாகப் பரவலாக்கினார். இம்முறையைப் பின்பற்றுவோருக்கு மெத்தையற்ற, கழுவ எளிய நாற்காலியே ஏற்றது.

விபத்துகளும் சீர்தரங்களும்

ஐக்கிய அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையான மருத்துவமனை அவசரப் பிரிவுப் பதிவுகளை ஆராய்ந்து 2013 இல் வெளியான ஆய்வொன்று, உயர் நாற்காலி தொடர்பான காயங்களுக்காக ஆண்டுக்குச் சராசரியாக 9,400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிகிச்சை பெற்றதாக மதிப்பிட்டது. இவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை விழுதலால் நேர்ந்தவை. விழும் முன் என்ன செய்தார்கள் என்று பதிவான குழந்தைகளுள் பெரும்பான்மையினர் நாற்காலியில் எழுந்து நின்றோ ஏறியோ கொண்டிருந்தனர். தலைக் காயமே மிகுதி. உயரத்திலிருந்து விழும் சிறு குழந்தை தலை முன்னாக விழுவதும், சமையலறைத் தரை கடினமானதாக இருப்பதும் இதற்குக் காரணங்கள்.

ஐரோப்பாவில் ஈஎன் 14988 என்னும் சீர்தரமும், ஐக்கிய அமெரிக்காவில் ஏஎசுடிஎம் எப்404 என்னும் சீர்தரமும் உயர் நாற்காலிகளுக்கு உள்ளன. அமெரிக்கச் சீர்தரம் நெடுங்காலம் விருப்பத் தேர்வாகவே இருந்தது. 2008 இல் இயற்றப்பட்ட நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விதிகள் வகுக்கப்பட்டு, 2019 சூன் 19 முதல் அது கட்டாயமானது. கவிழ்தல், வார், தட்டின் பூட்டு, விரல் சிக்கும் இடைவெளிகள் ஆகியன இவற்றின்படி சோதிக்கப்படுகின்றன.

விற்பனைக்குப் பின்னர் திரும்பப் பெறப்பட்ட நாற்காலிகளும் உண்டு. 2010 மார்ச்சில் கிராக்கோ நிறுவனத்தின் ஆர்மனி வகை நாற்காலிகள் ஏறத்தாழ 12 இலட்சம் திரும்பப் பெறப்பட்டன. முன்கால் திருகாணிகள் தளர்ந்து விழுவதும் பின்கால் நெகிழித் தாங்கி விரிசல் விடுவதும் காரணம். 2012 இல் ஆன்டிலோப் நாற்காலியின் வார்க் கொக்கி எதிர்பாராமல் திறக்கக்கூடும் எனக் கண்டறியப்பட்டு, குறிப்பிட்ட காலத்தில் செய்யப்பட்ட வார்களுக்கு மாற்று வார் இலவசமாக வழங்கப்பட்டது.

பழைய நாற்காலியை உறவினரிடமிருந்தோ விற்பனைத் தளத்திலிருந்தோ பெறுபவர்கள், அடியில் ஒட்டியுள்ள வில்லையில் வகை எண்ணையும் தயாரிப்பு நாளையும் பார்த்து, அந்நாற்காலி திரும்பப் பெறப்பட்ட பட்டியலில் உள்ளதா என்று இணையத்தில் தேடிக்கொள்ளலாம். வார் இல்லாத பழைய மர நாற்காலிகளுக்குத் தனியே விற்கப்படும் ஐம்முனை வாரைப் பொருத்தலாம். கால் மூட்டுகள் ஆடுமானால் அவற்றைப் பயன்படுத்தாது விடுவதே தகும்.