காவிரிப் படுகையில் சலவையும் துணி வைப்பும்

காவிரிப் படுகையின் பழைய வீடுகளில் நெல்லுக்குப் பத்தாயம் இருந்தது. மாட்டுக்குத் தொழுவமும் சமையலுக்கு அடுக்களையும் இருந்தன. சலவைக்கென்று ஓர் அறை இருந்ததில்லை. துணி துவைப்பது ஆற்றுப் படித்துறையிலும் கொல்லைக் கிணற்றடியிலும் நடந்தது. வெளுத்துக் கொடுப்பது வண்ணார் குடும்பங்களின் வேலையாக இருந்தது. இன்று தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களில் கட்டப்படும் வீடுகளின் வரைபடத்தில் 'வாஷிங் ஏரியா' என்ற பகுதி இடம்பெறுகிறது. ஊர் முழுவதும் பரவியிருந்த ஒரு வேலை வீட்டின் ஒரு மூலைக்கு வந்து சேர்ந்த இந்த மாற்றம், தஞ்சைப் பகுதியின் நீர், சாதி, உழைப்பு ஆகியவற்றின் வரலாற்றோடு பிணைந்தது.

தொல் சான்றுகள்

சங்கப் பாடல்களில் ஆடை வெளுப்பவள் புலைத்தி எனப்படுகிறாள். களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் அவள் துவைத்த வெள்ளாடையைப் புறநானூற்றின் 311ஆம் பாடல் குறிப்பிடுகிறது. துணிக்குப் பசையிட்டு நீரில் அலசுவதைக் குறுந்தொகையின் 330ஆம் பாடல் உவமையாகக் கூறுகிறது. களர் மண்ணின் காரத்தன்மை அழுக்கை நீக்கும் என்ற அறிவு அக்காலத்திலேயே இருந்ததை இவை காட்டுகின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலில் பணிபுரிந்தோரைப் பட்டியலிடும் முதலாம் இராஜராஜனின் கல்வெட்டில் தச்சர், தையற்காரர் ஆகியோருடன் 'ஈரங்கொல்லி'யும் இடம்பெறுகிறார். ஈரத்தைப் போக்குபவர் என்று பொருள்படும் இச்சொல் வண்ணாரைக் குறிக்கும். அவர்களுக்கு ஊதியம் நெல்லாக அளக்கப்பட்டது. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை வழங்கியதைப் பதிவுசெய்யும் லெய்டன் செப்பேடுகள், அவ்வூரின் வருவாய் இனங்களில் ஒன்றாக 'வண்ணாரப்பாறை'யைச் சொல்கின்றன. துணி துவைக்கும் கல்லின் மீதும் வரி இருந்தது என்பது இதன் பொருள்.

வீட்டில் துணியின் இடங்கள்

தனி அறை இல்லாவிட்டாலும், துணி கண்ட இடத்தில் கிடந்ததில்லை. அழுக்குத் துணி, ஈரத்துணி, மடித்துணி, சலவைத்துணி என நான்கு நிலைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் இருந்தது. அழுக்குத் துணி கொல்லைப்புறத் தாழ்வாரத்தைத் தாண்டி உள்ளே வருவதில்லை. அன்றாடத் துணிகளைக் கிணற்றடியில் பதித்த துவைகல்லில் அடித்து, கொல்லையில் கட்டிய கொடியில் உலர்த்தினர்.

பிராமணர் வீடுகளில், பூசைக்கும் சமையலுக்கும் உடுத்தும் மடித்துணிக்குக் கூடத்தின் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் மூங்கில் கழி இருந்தது. பிறர் கை படாதிருக்க அது தலைக்கு மேல் உயரத்தில் இருக்கும். நீண்ட குச்சியால் துணியை அதில் விரிப்பர், அக்குச்சியாலேயே எடுப்பர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை விடாது பெய்யும் இப்பகுதியில், கூரைக்கு அடியில் உலர்த்தும் வசதி ஆசாரத்தோடு பயனையும் தந்தது.

வெள்ளாவி

வேட்டி, புடவை, விரிப்பு போன்றவை வண்ணாரிடம் சென்றன. அவர்கள் துணிகளை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்துப் பிழிந்து, நீர் நிறைந்த பெரிய பானையின் மேல் கோபுரம்போல் அடுக்கி, அடியில் தீ மூட்டினர். எழும் ஆவி இரவு முழுவதும் துணிக்குள் ஊடுருவி அழுக்கை இளக்கியது. விடிந்ததும் மூட்டைகளைக் கழுதை மேல் ஏற்றித் துறைக்குக் கொண்டுசென்று கல்லில் அடித்து அலசினர். பின்னர் நீலமும் கஞ்சியும் இட்டு மணலிலும் புல்வெளியிலும் உலர்த்தினர்.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின், ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது பாசன வழக்கமாயிற்று. கால்வாயில் நீர் ஓடும் மாதங்கள் துறையில் துவைக்கும் மாதங்களாகவும் இருந்தன. கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டியும் குளத்தை நாடியும் வேலை நடந்தது.

வண்ணார் வீடு என்னும் கிடங்கு

ஒரே வெள்ளாவியில் பல வீட்டுத் துணிகள் கலந்தன. அவற்றைப் பிரித்தறியச் சேங்கொட்டையின் சாற்றால் துணியின் ஓரத்தில் குறியிட்டனர். சுண்ணாம்பு சேர்ந்தால் அக்கறை கறுத்து நிலைத்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் கோடுகளும் புள்ளிகளும் சேர்ந்த தனிக் குறி உண்டு. எழுத்தறியாத ஒருவர் நூற்றுக்கணக்கான துணிகளைக் குழப்பமின்றித் திருப்பிக் கொடுக்க இம்முறை உதவியது. இச்சாறு சிலருக்குத் தோல் அழற்சியை உண்டாக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்க வீரர்களிடம் சலவைக்குறியால் வந்த இந்நோய் 1943இல் மருத்துவ இதழில் பதிவாயிற்று.

அழுக்குத் துணியைச் சேர்த்து வைப்பது, பிரிப்பது, உலர்த்துவது, மடிப்பது ஆகிய அனைத்தும் வண்ணார் வீட்டில் நடந்தன. நிலவுடைமையாளர் வீட்டில் சலவை அறை இல்லாததற்கு இதுவே முதன்மையான காரணம். ஊரின் சலவை அறை ஊரோரத்தில் இருந்த வண்ணாரின் சிறு குடிசையாகவே இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் வண்ணாரச்சேரி எனத் தனிக் குடியிருப்பு குறிக்கப்படுகிறது.

இவ்வுழைப்புக்கு அறுவடைக் களத்தில் நெல்லும், அன்றாடம் வீடுகளில் எடுக்கும் சோறும் கூலியாயின. களத்தில் ஊர்ப் பணியாளருக்கு அளக்கும் இப்பங்குக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். பிறப்பு, பூப்பு, இறப்புத் தீட்டுத் துணிகளை வெளுத்ததே வண்ணாரைத் தாழ்வாக நடத்தவும் காரணமாக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வெளுத்த புதிரை வண்ணார் அவர்களினும் கீழாக நடத்தப்பட்டனர். அவர்களின் வாழ்வை இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவல் பதிவுசெய்தது.

பெட்டி, அலமாரி, பீரோ

வெளுத்து வந்த துணிகள் ஓலைப்பெட்டியிலும் மரப்பெட்டியிலும் வைக்கப்பட்டன. பூச்சி அண்டாதிருக்க வேப்பிலையும் வசம்பும் இட்டனர். பின்னாளில் அந்துருண்டை வந்தது. 'அலமாரி' போர்த்துக்கீசியச் சொல். 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றும்வரை நாகப்பட்டினம் போர்த்துக்கீசியர் வசம் இருந்தது. 'பீரோ' பிரெஞ்சு மூலம் உடையது. இருபதாம் நூற்றாண்டில் தகர டிரங்குப் பெட்டியும் அதன்பின் இரும்பு பீரோவும் பரவின. பீரோ திருமணச் சீர்வரிசையில் இடம்பிடித்தது. பட்டுப்புடவையும் நகையும் அதனுள் சென்றன. அன்றாடத் துணி கொடியிலேயே தொங்கியது.

மாற்றம்

லீவர் நிறுவனத்தின் சன்லைட் சோப்பு 1888இல் கல்கத்தாவில் வந்திறங்கியது. 1959இல் சர்ஃப் தூளும், 1969இல் விலை குறைந்த நிர்மாவும் விற்பனைக்கு வந்தன. வெள்ளாவி தேவைப்படாத பாலியெஸ்டர் துணிகள் பரவின. வண்ணார் குடும்பங்களின் அடுத்த தலைமுறை கல்விக்கும் பிற தொழில்களுக்கும் நகர்ந்தது. எஞ்சியவர்கள் பலர் கூலியைப் பணமாகப் பெறும் தேய்ப்புக் கடைகளை நடத்தினர். அரசு அவர்களுக்கு இலவசத் தேய்ப்புப் பெட்டிகளை வழங்கியதோடு சலவைக்கூடங்களையும் கட்டித் தந்தது.

வெளியே சென்ற வேலை இவ்வாறு வீட்டுக்குத் திரும்பியது. முதலில் அது பெண்களின் கைக்கு வந்தது. ஆழ்துளைக் கிணறும் குழாய்நீரும் படித்துறையின் தேவையைக் குறைத்தன. பின்னர் சலவை இயந்திரம் வந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. இலவசச் சலவை இயந்திரத்தை வாக்குறுதியாக அளித்தது. அக்கட்சி தோற்றதால் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. எனினும் வீட்டுச் சலவை அரசியலின் பேசுபொருளாகிவிட்டதை அது காட்டியது.

இன்றைய சலவை மூலை

இன்றைய வீடுகளில் பழைய நான்கு நிலைகளும் சில சதுர அடிக்குள் அமைகின்றன. அழுக்குக்கு மூடிய கூடை, இயந்திரத்துக்கு மேலே தூளும் நீலமும் வைக்கும் தட்டு, மடித்த துணிக்கு அலமாரி ஆகியவை வழக்கமாகியுள்ளன. அடுக்ககங்களின் பால்கனிக் கூரையில் கயிறும் கப்பியும் கொண்டு ஏற்றி இறக்கும் உலர்த்திகள், கூடத்தில் தொங்கிய மூங்கில் கழியின் மறுவடிவமே. மாறியது வேலையைச் சுமப்பவர்: ஊரோரத்துக் குடும்பம் ஒன்று பிறப்பின் பெயரால் சுமந்த அழுக்கு மூட்டை, இன்று அதை உடுத்தியவரின் வீட்டிலேயே தங்குகிறது.