இந்தி பெல்ட் முதல் சீட் பெல்ட் வரை: 'பெல்ட்'டுக்கு இத்தனை அர்த்தங்களா?

தேர்தல் முடிவு நாளில் டிவியைப் போட்டால் 'இந்தி பெல்ட்டில் யாருக்கு எத்தனை சீட்' என்று ஓடும். உலகச் செய்தியில் சீனாவின் 'பெல்ட்' வரும். விளையாட்டுச் செய்தியில் குத்துச்சண்டை வீரர் ஒருவர் தங்க பெல்ட்டைத் தூக்கிக் காட்டுவார். இடுப்பில் பேன்ட் நழுவாமல் இருக்கப் போடும் ஒரு வாருக்கு ஏன் இத்தனை வேலை?

'பல்டியஸ்' என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்ததுதான் பெல்ட். ரோமானிய வீரர்கள் வாளைத் தொங்கவிட்ட வார் அது. சுற்றி வளைத்து நிற்பது, நீளமாகப் பட்டையாக ஓடுவது என்ற இரண்டு குணங்களையும் வைத்துத்தான் மற்ற அர்த்தங்கள் எல்லாம் கிளை விட்டன.

உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என இந்தி பேசும் மாநிலங்கள் மேப்பில் அடுத்தடுத்து இருப்பதால் அது 'இந்தி பெல்ட்'. அமெரிக்காவில் பழைய தொழிற்சாலைகள் மூடிக் கிடக்கும் பகுதிக்கு 'ரஸ்ட் பெல்ட்' என்று பெயர். துருப்பிடித்த பட்டை! செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே பாறைகள் சுற்றும் பகுதியும் பெல்ட்தான்.

சீனாவின் பெல்ட்டில் ஒரு குழப்பம்

2013-ல் ஜி ஜின்பிங் அறிவித்த 'பெல்ட் அண்ட் ரோடு' திட்டத்தில், 'ரோடு' என்றால் சாலை என்றுதானே நினைப்போம்? இல்லை, அது கடல் வழி! தரை வழிக்குத்தான் 'பெல்ட்' என்று பெயர். இதன் ஒரு பகுதி பாகிஸ்தான் ஆக்கிரமிப்பு காஷ்மீர் வழியாகப் போவதால் இந்தியா எதிர்க்கிறது.

பக்கத்து மாநிலச் செய்திகளில் வரும் 'பெல்ட் ஷாப்' தோல் கடை இல்லைங்க. ஆந்திரா, தெலங்கானா கிராமங்களில் லைசென்ஸ் இல்லாமல் மது விற்கும் இடம் அது. 2014-ல் ஆந்திர முதல்வராகப் பதவியேற்ற அன்று சந்திரபாபு நாயுடு கையெழுத்திட்ட கோப்புகளில் பெல்ட் ஷாப் ஒழிப்பும் ஒன்று.

அரசு 'பெல்ட்டை இறுக்குகிறது' என்றால் செலவைக் குறைக்கிறது என்று பொருள். நம்ம ஊரில் அதைத்தான் 'வாயைக் கட்டி வயித்தைக் கட்டி' என்கிறோம். 'பிலோ தி பெல்ட்' என்பது குத்துச்சண்டையில் இருந்து வந்தது. அங்கே இடுப்புக்குக் கீழே அடிப்பது ஃபவுல். அரசியலில் தனிப்பட்ட வாழ்க்கையை இழுத்துப் பேசினால் இதைச் சொல்வார்கள்.

உயிரோடு விளையாடும் பெல்ட்

இத்தனை பெல்ட்டில் நாம் அலட்சியமாக விடுவது சீட் பெல்ட்டைத்தான். தோளில் இருந்து குறுக்காக வந்து இடுப்பையும் பிடிக்கும் இன்றைய டிசைனை 1959-ல் கொண்டுவந்தவர், வால்வோ நிறுவனத்தில் வேலை பார்த்த நில்ஸ் போலின். காப்புரிமை இருந்தும் மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ விட்டுக்கொடுத்தது.

'பின் சீட்டுக்கு எதுக்குங்க பெல்ட்?' என்பவர்கள் இன்னும் நிறைய. 2022 செப்டம்பர் 4-ல் மும்பை அருகே பால்கர் மாவட்டத்தில் நடந்த விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை என்றே போலீஸ் சொன்னது. கார் சடாரென்று நின்றாலும் உள்ளே இருப்பவரின் உடம்பு அதே வேகத்தில் முன்னால் பாயும். பின்னால் இருப்பவர் பாய்ந்தால் முன் சீட்டில் இருப்பவருக்கும் சேர்த்தே ஆபத்து.

பெல்ட் போடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். பெல்ட் போடாமலேயே அலாரத்தை நிறுத்தும் கிளிப்களை ஆன்லைன் தளங்களில் இருந்து நீக்க 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

போடும்போது கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் இருக்கக் கூடாது, இடுப்பெலும்பில் படிய வேண்டும். கர்ப்பிணிகள் அதை வயிற்றுக்குக் கீழேயும், மேல்பட்டையை மார்புக்கு நடுவிலும் வரும்படி போட்டுக்கொள்ளலாம்.