வளைகுடாவில் மெத்தை நாற்காலி

முவைலா, ஷார்ஜா பன்னாட்டு விமான நிலையத்துக்கு அருகிலுள்ள பகுதி. இன்று அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் இந்தப் பகுதியில் இரும்புக்காலத்தில் மதில் சூழ்ந்த ஓர் ஊர் இருந்ததை அகழாய்வுகள் காட்டின. கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டின் முற்பகுதியில் தீக்கிரையான அந்த ஊரில் தூண்கள் தாங்கிய பெரிய கூடம் ஒன்று இருந்தது. பானம் ஊற்றுவதற்கான, மூக்கு வைத்த குடுவைகள் அங்கே கிடைத்தன. அதனால், ஊரார் கூடி விருந்துண்ட இடமாக அது கருதப்படுகிறது.

கூடி அமரும் வழக்கம் பிற்காலத்தில் மஜ்லிஸ் என்ற வரவேற்புக் கூடத்தில் தொடர்ந்தது. அங்கே நாற்காலிக்கு வேலை இருக்கவில்லை. தரையில் விரிப்பு, சுவரோரம் சாய்ந்துகொள்ளத் திண்டு, நடுவே காப்பி என்பதே ஏற்பாடு. விரிப்புக்கும் திண்டு உறைக்கும் வேண்டிய துணியைப் பாலைவன நாடோடிகளான பதூயின் பெண்கள் தரைத்தறியில் ஆட்டு உரோமத்தாலும் ஒட்டக உரோமத்தாலும் நெய்தார்கள். இந்த நெசவுக்கு சது என்று பெயர்.

கடலோர ஊர்களுக்கு மரமும் துணியும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே போயின. புழங்கிய பணமும் இந்திய ரூபாய்தான். 1959-இல் வளைகுடாவுக்கென்றே தனி ரூபாயை இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்டது. அது 1966 வரை இந்தக் கடலோர ஊர்களில் செல்லுபடியானது.

மேசை நாற்காலிப் பழக்கம் இந்தக் கரைக்கு வந்த வழிகளில் ஒன்று ஆகாய வழி. 1932-இல் ஷார்ஜாவில் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்துக்காக விமானத் தளம் அமைந்தது. இலண்டனிலிருந்து இந்தியாவுக்குப் பறந்தவர்கள் இரவு தங்கக் கோட்டை போன்ற விடுதியும் எழுந்தது. 1977-இல் விமான நிலையம் இடம் மாறியது. விடுதிக் கட்டடம் இப்போது அல் மஹத்தா அருங்காட்சியகம்.

எண்ணெய்ப் பணம் வந்தபோதுதான் மெத்தை வைத்த இருக்கைகள் வீடுகளில் பெருகின. அபுதாபி 1962-இலும், ஷார்ஜா 1970-களிலும் எண்ணெய் ஏற்றுமதி செய்யத் தொடங்கின. ஆனால் சோபா வந்தும் மஜ்லிஸின் அமைப்பு கலையவில்லை. திண்டு இருந்த இடத்தில், மூன்று சுவர்களையும் ஒட்டி நீளமான சோபா வந்தது. இவற்றைச் செய்யவும் உறை மாற்றவும் இந்தியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். துபாயின் சத்வாவில் குஷன் கடைகள் தெருவோரம் வரிசையாக அமைந்தன.

இக்கடைகளுக்கு வரும் பழைய சிறு நாற்காலியைப் பிரித்தால் அதன் வயது தெரியும். பழைய முறையில் செய்ததானால் அடியில் சணல் பட்டையும், கயிற்றால் இழுத்துக் கட்டிய ஸ்பிரிங்கும், மேலே தேங்காய் நாரோ குதிரை முடியோ இருக்கும். பிற்காலத்தது என்றால் ஃபோம். ஜெர்மனியில் ஓட்டோ பாயர் 1937-இல் உருவாக்கிய பாலியூரித்தேன் வேதியியலிலிருந்து பிறந்த இந்தப் பொருள் 1950-களில் சந்தைக்கு வந்தது. வெப்பமும் ஈரப்பதமும் வெளிச்சமும் சேர்ந்து தாக்கினால் பழைய ஃபோம் மஞ்சளாகி, விரல் பட்டாலே மாவாக உதிரும்.

வேலை உறையைக் கழற்றுவதில் தொடங்கும். ஆணிகளைப் பிடுங்கி, பழைய துணியைக் கிழியாமல் எடுப்பார்கள். புதுத் துணியை வெட்ட அதுவே அளவு. சட்டத்தின் ஆட்டத்தைப் பசை வைத்து நிறுத்தி, புதுப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இழுத்து அடிப்பார்கள். அதன்மேல் ஃபோம், ஃபோமின் முனைகளை மறைக்கப் பஞ்சு விரிப்பு, அதன்மேல் துணி. துணியை ஒவ்வொரு பக்கமும் நடுவில் அடித்து நிறுத்தி, அங்கிருந்து மூலைகளை நோக்கிப் போகவேண்டும். மூலையிலிருந்து தொடங்கினால் கோடுபோட்ட துணி கோணிப்போகும். வெல்வெட்டானால் முதுகில் உரோமம் கீழ்நோக்கியும் இருக்கையில் முன்நோக்கியும் படியும்படி வெட்டவேண்டும். இல்லையேல் ஒரே துணி இரு நிறமாகத் தெரியும். கடைசியாக அடிப்பக்கத்தில் கறுப்புத் துணி அடித்து மூடுவார்கள்.

யுனெஸ்கோ சது நெசவை 2011-இல் அவசரப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலிலும், மஜ்லிஸை 2015-இல் மானுட மரபுகளின் பட்டியலிலும் சேர்த்தது. இப்போது சது கோலங்கள் ஆலைத் துணியிலும் அச்சாகி, சோபா உறையாகவும் திண்டு உறையாகவும் விற்பனையாகின்றன.