9 ஜி முதல் 16 ஜி வரை: விமான இருக்கையின் பிடிமானம் வளர்ந்த வரலாறு

விமானம் தரையில் மோதினால் உள்ளே இருந்தவர் யாரும் பிழைக்க மாட்டார் என்ற எண்ணம் மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. விபத்து ஆய்வுகள் அதை ஏற்பதில்லை. ஓடுபாதையைத் தாண்டி ஓடிய விமானங்கள், ஓடுபாதைக்கு முன்பே தரை தட்டியவை, புறப்பட்ட சில நொடிகளில் வயலில் விழுந்தவை எனப் பல விபத்துகளில் விமானத்தின் உடற்கூடு பெரும்பகுதி குலையாமலே கிடக்கிறது. அத்தகைய விபத்தில் ஒருவர் பிழைப்பதற்கு இரண்டு நடந்தாக வேண்டும். மோதலின் அதிர்ச்சியை அவர் உடல் தாங்க வேண்டும். தீயும் புகையும் சூழுமுன் அவர் எழுந்து வெளியேற வேண்டும். இருக்கை பெயர்ந்துவிட்டால் இரண்டும் கெடும். பெயர்ந்த இருக்கை பயணியை முன்வரிசையின் மீது அறைகிறது. கால் முறிந்தவரால் எழ முடிவதில்லை. குவிந்துகிடக்கும் இருக்கைகள் மற்றவர்களின் வழியையும் அடைத்துவிடுகின்றன.

இருக்கையைத் தரையோடு பிணைக்கும் அறிவு எப்போது கிடைத்தது, அது எப்போது சட்டமாயிற்று, எப்போது பயணி உட்காரும் இடத்துக்கு வந்து சேர்ந்தது என்ற மூன்று காலங்களையும் இக்கட்டுரை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறது. அடிப்படை அறிவு 1950-களிலேயே அச்சில் இருந்தது. அது முழுமையான கட்டாயமாக அரை நூற்றாண்டு ஆனது. இந்தத் தாமதத்தை அறிவியலின் இயல்பான மெதுநடை என்று விளக்கிவிட முடியாது என்பதே என் வாதம்.

முதலில் அளவையைச் சொல்லிவிட வேண்டும். புவியீர்ப்பு நம்மைக் கீழே இழுக்கும் விசையை 1 ஜி என்கிறோம். விமானம் 16 ஜி அளவில் வேகம் இழந்தால், 77 கிலோ எடையுள்ள பயணி அந்தக் கணத்தில் 1,232 கிலோ எடையுள்ளவர்போல் தன் இருக்கையை முன்னோக்கி இழுப்பார். மூவர் அமரும் இருக்கை வரிசையில் ஏறத்தாழ 3,700 கிலோ. இவ்வளவையும் தாங்க வேண்டியவை, தரையில் பதித்த உலோகத் தடங்களில் பூட்டப்பட்ட சில கால்கள்தாம்.

தொடக்கத்தில் விமானி இருக்கைப் பட்டை கட்டியதன் நோக்கம் மோதலில் காப்பது அன்று, பறக்கும்போது விழாமல் இருப்பதுதான். 1910-இல் டெக்சாஸில் உள்ள ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் படைத்தளத்தில் பறந்துகொண்டிருந்த அமெரிக்கப் படை அதிகாரி பெஞ்சமின் ஃபூலாய், காற்றில் தூக்கி எறியப்படாமல் இருக்கக் குதிரைப்படையின் சேணத் தொழிலாளியிடம் தோல் வார் ஒன்று வாங்கித் தன்னை இருக்கையோடு கட்டிக்கொண்டார். மோதலில் பட்டை என்ன செய்கிறது என்ற கேள்வியை எழுப்பியவர் ஹியூ டிஹேவன். முதல் உலகப் போரின்போது கனடாவில் ராயல் ஃபிளையிங் கோரில் பயிற்சி பெற்றுவந்த அவர், 1917-இல் நடுவானில் இரு விமானங்கள் மோதிய விபத்தில் தப்பினார். கல்லீரல் உள்ளிட்ட உள்ளுறுப்புகள் கிழிந்திருந்தன. அதற்குக் காரணம் பட்டையின் கொக்கி என்று அவர் கண்டார். விமானி இறந்தால் விதி என்று விட்டுவிடும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. எந்தப் பொருள் எந்த எலும்பை உடைத்தது என்று கேட்கத் தொடங்கினார்.

1942-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைப் பற்றியது. விசை உடலின் நீளவாக்குக்குக் குறுக்காகவும் மிகக் குறுகிய நேரமும் தாக்கினால் 200 ஜி வரைகூட மனித உடல் தாங்கக்கூடும் என்று அவர் முடிவுக்கு வந்தார். அதே ஆண்டு கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் அவருடைய விபத்துக் காய ஆய்வுத் திட்டம் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1954 டிசம்பர் 10 அன்று, நியூ மெக்சிகோவின் ஹாலமன் விமானப்படைத் தளத்தில் மருத்துவர் ஜான் பால் ஸ்டாப் ராக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டார். மணிக்கு 632 மைல் வேகத்தை எட்டிய வண்டி 1.4 நொடியில் நின்றது. அவர் உடல் தாங்கிய உச்ச விசை 46.2 ஜி. கண்களில் இரத்தம் கட்டிச் சிறிது நேரம் பார்வை மங்கியது, பின்னர் தேறினார். ஸ்டாப் அணிந்திருந்தது உடல் முழுவதையும் பிணைக்கும் வார்கள், பயணியிடம் இருப்பதோ இடுப்புப் பட்டை மட்டுமே. ஆகவே அந்த எண்ணை அப்படியே பயணிக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் வலுவில் பின்தங்கியிருப்பது மனித உடல் அன்று, இருக்கைதான் என்பதில் அதன்பின் ஐயத்துக்கு இடமில்லை.

அப்போது சட்டம் கேட்டது என்ன? அமெரிக்க விதிகளில் முன்னோக்கிய விசைக்கான வரம்பு 6 ஜி-யாக இருந்து 1952-இல் 9 ஜி-யாக உயர்ந்தது. இதற்கான சோதனை நிலைச்சுமைச் சோதனை: இருக்கையைச் சமதளத்தில் பூட்டி, குறித்த சுமையை மெல்ல மெல்ல ஏற்றி, முறியாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். உண்மையான மோதலில் விசை கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்து போகிறது. தரையும் அப்போது சமதளமாக இருப்பதில்லை.

இந்த இடைவெளியை முதலில் அளந்து காட்டியவர்கள் அமெரிக்க அரசின் வானூர்தி ஆய்வுக் குழுவான நாகாவின் லூயிஸ் ஆய்வகத்தார். ஓஹையோ மாநிலத்தின் ரவென்னா படைக்கல வளாகத்தில் போர்க்காலத்து விமானங்களை ஆளின்றி ஓடவிட்டு மோதவைத்தார்கள். தீ எப்படிப் பற்றுகிறது என்பதுதான் முதல் கேள்வி. பிறகு கவனம் இருக்கைக்கும் திரும்பியது. ஐ. இர்விங் பிங்கலும் எட்மண்ட் ரோசன்பர்க்கும் 1957-இல் வெளியிட்ட அறிக்கை இன்று படித்தாலும் வியப்பூட்டுகிறது. இருக்கை ஓரளவு சுருள்வில்லைப்போல நடந்துகொள்கிறது. அதனால் தரை உணரும் விசையைவிடப் பயணி உணரும் விசை கூடிவிடக்கூடும். நிலைச்சுமையில் தேறிய இருக்கை அதே எண்ணுள்ள மோதலில் முறிவது இதனால்தான். இதற்குத் தீர்வாக அவர்கள் சொன்னது விறைப்பைக் கூட்டுவதை அன்று. இருக்கையின் கால்கள் வளைய வேண்டும், வளையும்போது மோதலின் ஆற்றலை உண்ண வேண்டும், ஆனால் தரையை விட்டுவிடக் கூடாது. பிற்காலத்து 16 ஜி இருக்கையின் அடிப்படைக் கருத்து இதுவேதான்.

பின்னோக்கி அமரும் இருக்கையும் அக்காலத்தில் பேசப்பட்டது. மோதும்போது முதுகு முழுவதும் விசையைப் பகிர்ந்துகொள்வதால் உடலுக்கு அது நல்லது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் விமானப்படை தன் போக்குவரத்து விமானங்களில் அதைக் கைக்கொண்டது. அத்தகைய இருக்கையின் முதுகுப்பகுதியை இன்னும் வலுவாகக் கட்ட வேண்டும், எடை கூடும், பயணிகளும் விரும்பமாட்டார்கள் என்று வணிக நிறுவனங்கள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டன. 1966-இல் அமெரிக்கக் கூட்டாட்சி விமான நிர்வாகத்தின் ஜான் ஸ்வேரிங்கன், அன்றைய இருக்கைகளின் முதுகில் பின்வரிசைப் பயணியின் தலை மோதினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார். முன்னால் இருக்கும் இருக்கையே பின்னால் இருப்பவருக்கு ஆயுதமாகலாம் என்பது தெரிந்தது. 1964-இல் ஃபீனிக்ஸ் அருகே ஒரு டிசி-7, ஒரு கான்ஸ்டெலேஷன் என இரு பெரிய விமானங்கள் வேண்டுமென்றே மோதவைக்கப்பட்டன. தரவுகள் குவிந்தன. 9 ஜி என்ற எண் மட்டும் அசையவில்லை.

1980-களில்தான் அசைவு தெரிந்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1981-இல் பெரிய விமானங்களின் உள்ளறைப் பாதுகாப்பைப் பற்றித் தனி ஆய்வு வெளியிட்டது. 1984 டிசம்பர் 1 அன்று கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் நாசாவும் விமான நிர்வாகமும் ஒரு போயிங் 720-ஐத் தொலைவிலிருந்து இயக்கி மோதவைத்தன. எளிதில் தீப்பிடிக்காத எரிபொருளைச் சோதிப்பதே முதன்மை நோக்கம். இடது இறக்கை முதலில் தரை தட்டியது, விமானம் திரும்பியது, தீப்பிழம்பு எழுந்தது. அணைக்க ஒரு மணி நேரத்துக்கும் மேலானது. எரிபொருள் சோதனை தோற்றதாகவே நினைவில் நிற்கிறது. ஆனால் உள்ளே கருவி பூட்டிய இருக்கைகளும் சோதனைப் பொம்மைகளும் இருந்தன. முழு அளவு விமானத்தின் தரை மோதலை எப்படி இருக்கைக்குக் கடத்துகிறது என்ற பதிவு கிடைத்தது.

1988-இல் வந்த புதிய அமெரிக்க விதி, 25.562, மோதலைப்போல் கண நேரத்தில் விசையைச் செலுத்தும் இரண்டு இயங்குநிலைச் சோதனைகளைக் கேட்டது. ஒன்றில் கீழ்நோக்கிய தாக்கம் உச்சத்தில் 14 ஜி. மற்றொன்றில் முன்னோக்கிய தாக்கம் 16 ஜி, வேக மாற்றம் நொடிக்கு 44 அடி, அதாவது மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர், உச்சத்தை 0.09 நொடிக்குள் எட்டியாக வேண்டும். பொம்மையின் தலைக்காயக் குறியீடு 1,000-ஐத் தாண்டக் கூடாது. கீழ்முதுகெலும்பின் மேல் அழுத்தம் 1,500 பவுண்டுக்கு மிகக் கூடாது. தொடை எலும்புக்கும் வரம்பு உண்டு.

இவற்றைவிட நுட்பமான ஒரு நிபந்தனை அந்த விதியில் இருக்கிறது. முன்னோக்கிய சோதனை தொடங்குமுன்பே இருக்கையின் இரு தடங்களில் ஒன்றை மேல்கீழாக 10 பாகையும், மற்றொன்றைப் பக்கவாட்டில் 10 பாகையும் திருகிவைக்க வேண்டும். மோதலில் விமானத்தின் தரை முறுக்கிக்கொள்ளும். விறைப்பான இருக்கை அந்த முறுக்கத்திலேயே தடத்தைவிட்டுக் கழன்றுவிடும். இருக்கையைத் தனிப்பொருளாக எண்ணாமல், தரையோடு சேர்ந்த ஓர் அமைப்பாக விதி முதன்முதலில் பார்த்தது இங்கேதான். 16 என்ற எண்ணைவிட இந்த 10 பாகை முக்கியமானது என்று கருதுகிறேன்.

விதியின் கருத்தை அடுத்த ஆண்டே ஒரு துயரம் சோதித்தது. 1989 ஜனவரி 8 அன்று பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் போயிங் 737-400, இடது எஞ்சின் பழுதான நிலையில், வலது எஞ்சின் தவறாக நிறுத்தப்பட்டு, ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் ஓடுபாதைக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில், கெக்வொர்த் ஊரருகே எம்1 நெடுஞ்சாலைக் கரையில் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தனர். சில வாரங்களே பறந்த புது விமானம் அது; இருக்கைகளும் புதிய தலைமுறை வடிவமைப்பைச் சேர்ந்தவை. மோதலின் விசை சான்றிதழ் வரம்பை வெகுவாகத் தாண்டியும், தரை நிலைத்த நடுப்பகுதியில் இருக்கைகள் பெரும்பாலும் பிடியை விடவில்லை. தரை நொறுங்கிய முன்பகுதியில் அவை தரையோடு பெயர்ந்தன. தலைக்குமேல் இருந்த பொருள் அறைகள் அனேகமாக எல்லாமே கழன்று விழுந்தன. நாட்டிங்ஹாம், லெஸ்டர், டார்பி, பெல்ஃபாஸ்ட் நகரங்களின் மருத்துவர்கள் கூடி ஒவ்வொரு காயத்தையும் ஆராய்ந்தார்கள். இடுப்பிலும் காலிலும் முறிவுகள் மிகுந்திருந்தன. தலையை முன்னிருக்கையில் சாய்த்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே வைத்துக் குனியும் நிலை பிரிட்டனில் பரிந்துரையானது இந்த ஆய்வுகளுக்குப் பின்தான்.

ஆனால் 1988 விதி புதிதாக வடிவமைக்கப்படும் விமான வகைகளுக்கு மட்டுமே பொருந்தியது. பழைய வகை விமானம் அப்போதுதான் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்திருந்தாலும் 9 ஜி இருக்கையோடு பறக்க முடிந்தது. பறந்துகொண்டிருக்கும் விமானங்களிலும் இருக்கைகளை மாற்ற வேண்டும் என்ற முன்மொழிவு அதே 1988-இல் வந்தது. செலவு, எடை, சோதனைக்கூட வசதி என்ற வாதங்களில் அது தேங்கியது. 2002-இல் திருத்திய முன்மொழிவு வந்தது. 2005-இல் இறுதி விதி வந்தபோது பழைய விமானங்களில் இருக்கை மாற்றும் கட்டாயம் கைவிடப்பட்டிருந்தது. 2009 அக்டோபர் 27 முதல் தயாராகும் பயணியர் விமானங்களுக்கே 16 ஜி கட்டாயமானது. ஐரோப்பாவில் இதற்கு நிகரான கட்டாயம் 2021 பிப்ரவரியில்தான் வந்தது. நிறுவனங்கள் பல தாமாகவே நல்ல இருக்கைகளை வாங்கியதை மறுக்கவில்லை. எனினும், பிங்கல் - ரோசன்பர்க் அறிக்கைக்கும் இந்தக் கட்டாயத்துக்கும் இடையே 52 ஆண்டுகள். இடையில் அறிவு குறைவாக இருந்ததாக ஆவணங்கள் காட்டவில்லை. உயிரின் மதிப்பைச் செலவுக் கணக்கில் ஏற்றும் முறைதான் முடிவைத் தள்ளிப்போட்டது.

2013 ஜூலை 6 அன்று ஆசியானா நிறுவனத்தின் போயிங் 777 சான் ஃபிரான்சிஸ்கோவில் கடல்தடுப்புச் சுவரில் வால் மோதி, சுழன்று விழுந்தது. 777 புதிய விதியின் கீழ் பிறந்த வகை. 307 பேரில் 304 பேர் பிழைத்தனர். இறந்த மூவரில் இருவர் பட்டை அணியாமல் வெளியே எறியப்பட்டவர்கள். இவ்வளவு கடுமையான மோதலில் இவ்வளவு பேர் பிழைத்ததில் இருக்கைகளின் பங்கு பெரிது. ஆனால் பிழைத்தவர்கள் சிலரின் மேல்முதுகெலும்பில் முறிவுகள் இருந்தன. சோதனைப் பொம்மையில் விதி அளக்கச் சொல்வது கீழ்முதுகெலும்பின் அழுத்தத்தை மட்டுமே. முன்னோக்கிய சோதனையிலும் இருக்கை 10 பாகைதான் திரும்பியிருக்கும், சுழலும் விமானம் தரும் பக்கவாட்டு விசை அதில் முழுமையாக வராது. அந்த முறிவுகள் எவ்வாறு நேர்கின்றன என்று ஆராயும்படி பாதுகாப்பு வாரியம் விமான நிர்வாகத்துக்குப் பரிந்துரைத்தது.