அம்மாவின் ஜாக்கெட்டைப் பாதி பிரித்தேன்



போன மாதம் பழைய மாணவிகள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காபி குடித்துக்கொண்டே ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. எங்களுக்குப் பாடம் எடுத்த அத்தனை வருஷமும் ஒரே மாதிரி ஜாக்கெட்தான் போட்டீங்க. கலர் மட்டும்தான் மாறும். ஏன் டீச்சர்?" மற்றவர்கள் அவளை முறைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரலாற்று டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் எங்கே போய் நிற்கும் என்பதை அவள் மறந்துவிட்டாள். அன்று பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

அந்த ஜாக்கெட் என் அம்மா வெட்டியது. முழங்கை வரை கை, ஏறின பின்கழுத்து, முன்பக்கம் ஹூக். இதெல்லாம் எல்லா டீச்சரும் போட்டதுதான். வித்தியாசம் அக்குளில் இருக்கிறது. கையும் உடம்பும் சேரும் இடத்தில் சதுரமாக ஒரு துண்டு, மூலைவாட்டில் வைத்துத் தைத்திருக்கும். அப்பாவின் ஜிப்பாவில் பார்த்திருப்பீர்களே, அதே துண்டுதான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "போர்டில எழுதக் கையத் தூக்கினா ஜாக்கெட்டும் கூடவே ஏறுதும்மா, பின்னாடி பிள்ளைங்க இருக்கே" என்று அழாத குறையாகச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. கொடியில் காய்ந்த அப்பா ஜிப்பாவை எடுத்து, கையை விரித்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் ஜாக்கெட் வந்தது. கையை எவ்வளவு உயர்த்தினாலும் இடுப்பில் ஓர் அங்குலம்கூட ஏறவில்லை.

அதன் காரணம் எளிது. துணியை இழைவாட்டில் இழுத்தால் கொடுக்காது, மூலைவாட்டில் இழுத்தால் கொடுக்கும். கையைத் தூக்கும்போது அந்தச் சதுரத்தின் மூலைகள் விரிந்து இடம் விடுகின்றன. ஐரோப்பாவில் பழைய காலத்துச் சட்டைகளிலும் அக்குளில் இதே சதுரம் உண்டு. வளைத்து வெட்டத் தெரியாததால் அல்ல. துணி விலை அதிகமாக இருந்த காலம். நேர்நேராக வெட்டினால் ஒரு துண்டும் வீணாகாது.

சரி, அந்த ஜாக்கெட்டை முப்பது வருஷத்துக்கு மேல் எப்படித் திரும்பத் திரும்பத் தைத்தேன்? நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான், அளவு ஜாக்கெட். டெய்லரிடம் போனால் முதலில் கேட்பது, "அளவு ஜாக்கெட் கொண்டு வந்திருக்கீங்களா?" அமெரிக்காவில் எபினேசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863இல் ஒரு வழி கண்டார். உடையின் ஒவ்வொரு பாகத்தையும் மெல்லிய காகிதத்தில் வெட்டி, பல அளவுகளில் மடித்து விற்றார். உறையைப் பிரித்துத் துணிமேல் வைத்து வெட்டவேண்டியதுதான். ஒரு பெண்ணுக்குப் பிடித்த கவுனைப் பத்து வருஷம் கழித்தும் அதே காகிதத்தை வைத்து அப்படியே தைக்கலாம்.

நம்மிடம் அந்தப் பழக்கம் வேரூன்றவில்லை. புடவையும் வேட்டியும் வெட்டாமல் உடுத்துபவை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரி நீலத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகல் வரை போனது. போனது துணிதானே தவிர தைத்த உடை அல்ல. தைக்க வேண்டி வந்தபோது, உடம்பின் வடிவத்தை நாம் காகிதத்தில் எழுதிவைக்கவில்லை. பழைய ஜாக்கெட்டிலேயே விட்டுவைத்தோம்.

அதில் ஒரு குறை இருக்கிறது. தமிழ் டீச்சர்களுக்கு உடனே புரியும். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதினால் என்ன ஆகும்? ஒவ்வொரு நகலிலும் ஓரெழுத்து பிசகும், பாடபேதம் பெருகும். சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிடுவதற்கு முன் உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் பிரதிகள் தேடி ஒப்பிட்டது இதனால்தான். ஜாக்கெட்டுக்கும் அதே கதி. தோய்த்துச் சுருங்கியதை அளவாக வைத்து அடுத்ததை வெட்டுகிறோம், பிறகு அதை வைத்து அதற்கடுத்தது. ஒரு தடவைக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம் தவறினால், நாலு தடவையில் அரை அங்குலம். ஓய்வு பெறும் சமயத்தில் நான் போட்டிருந்தது அம்மாவின் ஜாக்கெட் அல்ல, அதன் ஏதோ தூரத்து உறவு. கை பிடித்தது, கழுத்து நின்றது. உடம்பு பருத்துவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன். (உடம்பும் பருத்தது, அதை மறைக்கவில்லை.)

மூலப்பிரதி ஒன்று மிச்சம் இருந்தது. டிரங்குப் பெட்டியில், அம்மா தைத்த அந்த முதல் ஜாக்கெட், வெளிறின பச்சை டூ பை டூ துணி. அம்மா போய் இருபது வருஷம் ஆகிறது. அதைக் காகிதத்தில் எடுக்க வேண்டுமானால் பிரிக்க வேண்டும். கைவளைவு, தோள்வளைவு எல்லாம் தைத்த நிலையில் சரியாகத் தெரியாது, தட்டையாகப் பரப்பினால்தான் தெரியும். பிரித்தால் அம்மாவின் தையல் போய்விடும். இரண்டு மாதம் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

அம்மாவின் தையல் என்றால் மெஷின் தையல்தான். தாத்தா தவணையில் வாங்கிக் கொடுத்த சிங்கர், கறுப்பு உடம்பில் தங்க எழுத்து. தவணை முறையை சிங்கர் கம்பெனி 1850களிலேயே தொடங்கிவிட்டது, ஏழை வீட்டுக்குள்ளும் மெஷின் நுழைந்தது அதனால்தான். இதற்கு முன்னால் ஒரு கதை உண்டு, காரைக்கால்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. நம்மை 1954 நவம்பர் 1 வரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் நாட்டில், திமோனியே என்ற ஏழைத் தையற்காரர் 1830இல் ஒரு தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பாரீஸில் சுமார் 80 மெஷின் போட்டு ராணுவத்துக்குச் சீருடை தைத்தார். 1831இல் மற்ற தையற்காரர்கள் கூட்டமாக வந்து அத்தனையையும் உடைத்துவிட்டார்கள். தங்கள் பிழைப்பு போய்விடும் என்ற பயம். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திமோனியே 1857இல் வறுமையிலேயே இறந்தார். அதற்குள் அமெரிக்காவில் 1846இல் எலியாஸ் ஹோவும் 1851இல் சிங்கரும் மேல்நூல், பாபின் நூல் என இரண்டு நூலில் தைக்கும் மெஷின்களுக்கு உரிமை பெற்றுவிட்டார்கள்.

காந்தியடிகள்கூட இதற்கு மட்டும் விலக்கு அளித்தார் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? இயந்திர மோகத்தை எதிர்த்தவர், 1924இல், தையல் மெஷினை உருப்படியான சில கண்டுபிடிப்புகளில் ஒன்று என்றார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் கதை சிங்கருக்குப் பொருந்தாது. அவர் நாடக நடிகர், ஏற்கெனவே இருந்த மெஷினைத் திருத்தியவர், குடும்ப வாழ்க்கையும் அவ்வளவு அழகில்லை. ஹோவுக்குக் கொஞ்சம் பொருந்தும் என்பார்கள். ஆனாலும் காந்தி சொன்னதில் ஒன்று எனக்குச் சரியென்றே படுகிறது. மெஷின் வந்த பிறகும் அம்மா எனக்காகத்தான் உட்கார்ந்து தைத்தார்.

ஒரு ஜாக்கெட்டின் வெட்டுக்கு இவ்வளவு கவலையா என்று சில உறவினர்கள் நினைக்கலாம். அவர்களுக்கு ஒரு செய்தி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே நாடார் பெண்கள் மார்பை மூடுவதற்கே பல பத்தாண்டுகள் போராடினார்கள். தோள்சீலைப் போராட்டம். கிறிஸ்தவர்களான பெண்களுக்குக் குப்பாயம் என்ற தளர்ந்த ரவிக்கை அனுமதிக்கப்பட்டது. மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை போடத்தான் தடை. சந்தையில் சீலையைக் கிழித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். 1859 ஜூலை 26இல் மன்னரின் அறிவிப்பு வந்தது. எல்லா நாடார் பெண்களும் ரவிக்கை போடலாம், முரட்டுத் துணி கட்டலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடும் அதே முறையில் மட்டும் கூடாது. கவனியுங்கள், துணியைக் கொடுத்துவிட்டு மாதிரியை மறுத்தார்கள். ஒரு பெண் தனக்குப் பிடித்த வெட்டில் தைத்துப் போடுவது அரசாங்க விஷயமாக இருந்த ஊர் நமக்கு ஒன்றும் தூரமில்லை.

ஒருவழியாகப் போன வாரம் பிரித்தேன். அண்ணன் மகள்தான் வழி சொன்னாள். "அத்தை, ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே? இடது பக்கத்தை மட்டும் பிரிச்சு எடுங்க, பேப்பரை மடிச்சு வெட்டினா வலது தானா வந்துரும்." இது எனக்கு ஏன் தோன்றவில்லை! இடது கை, இடது அக்குள் துண்டு, தோள், பக்கத் தையல் ஆகியவற்றை மட்டும் பிளேடு நுனியால் ஒவ்வொரு கண்ணாகப் பிரித்தேன். மாலையாகிவிட்டது. உள்ளே நிறம் மங்காத பச்சை, அன்றைக்குக் கடையில் பார்த்த அதே பச்சை. தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டு, பிரவுன் பேப்பரில் வரைந்தேன்.

முதலில் பழைய வேட்டியில் தைத்துப் பார்த்தோம். கழுத்து கச்சிதம். கையைத் தூக்கினேன். இடது கை நன்றாகப் போனது, வலது கை இழுத்தது. திரும்பத் திரும்பத் தூக்கினேன், அதே இழுப்பு. தையலில் தப்பு என்று பிரித்துத் தைத்தாள், அப்படியும் போகவில்லை.

பிறகுதான் பிரிக்காமல் விட்டிருந்த வலது பக்கத்தை இஞ்ச் டேப்பால் அளந்தேன். இடது அக்குள் துண்டு மூன்று அங்குலம். வலது மூன்றரை. நான் எழுதும் கை வலது கை. அம்மா சொல்லவே இல்லை.

பட்டரிக்கின் காகிதத்தில் இது வந்திருக்காது. அதில் இரு பக்கமும் ஒன்றுதான். இத்தனை வருஷம் நான் எடுத்த நகல்களிலும் இல்லை, ஏனென்றால் நானும் பழைய ஜாக்கெட்டை நடுவில் மடித்துத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"இப்ப நீங்க போர்டில எழுதறதில்லையே அத்தை, ரெண்டையும் ஒரே அளவா வெச்சிரலாமா?" என்றாள். மூன்றரையே வைக்கச் சொன்னேன். புது ஜாக்கெட் மெரூன் கலர். நேற்று அதைப் போட்டுக்கொண்டு முருங்கைக்கீரை பறித்தேன், ஏறவில்லை.

பச்சை ஜாக்கெட் வலது பாதி அம்மாவின் தையலோடும் இடது பாதி துண்டுகளாகவும் மறுபடி பெட்டிக்குப் போய்விட்டது. பிரவுன் பேப்பர் மாடத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, வலது, இடது என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். உங்களில் இன்னும் சாக்பீஸ் பிடிக்கிறவர்கள் யாருக்காவது வேண்டுமானால் வாருங்கள், உங்கள் அளவுக்கு வெட்டித் தருகிறேன். கடையில் 80 சென்டிமீட்டர் போதும் என்பார்கள், முழங்கைக் கைக்கும் அக்குள் துண்டுக்கும் அது பற்றாது, ஒரு மீட்டராக வாங்குங்கள். இடது கையால் எழுதுகிறவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து எடுத்து வர மறக்காதீர்கள்.