மூன்று படி, கூட ஒன்று

நம்மூரில் லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்ட் எதிரே இருப்பது. டிகிரி என்றால் பி.இ., இல்லாவிட்டால் கும்பகோணம் காபி. ஃப்ரீமேசன்கள் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது இந்த இரண்டு அர்த்தங்களையும் மறக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

1717இல் லண்டனின் நான்கு லாட்ஜ்கள் கூடி கிராண்ட் லாட்ஜ் அமைத்தன என்பது மரபு. (1721தான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு.) ஆரம்பத்தில் இரண்டே படிகள், கல்தச்சர்களிடம் கடன் வாங்கிய பெயர்கள். மூன்றாவதான ‘மாஸ்டர்’ 1720களில் வருகிறது, ஒரு கொலைக்கதையோடு. சாலமோனின் ஆலயத்தைக் கட்டிய ஹிராம், ரகசியச் சொல்லைத் தர மறுத்துக் கொல்லப்படுகிறான். சேர்பவர் அந்தச் சாவை நடித்துத்தான் மாஸ்டர் ஆகணும்.

சொல் தொலைந்துபோச்சு என்று கதையை முடித்தால் சும்மா இருப்பார்களா? அதைக் கண்டெடுக்க ‘ராயல் ஆர்ச்’ வந்தது. பிரான்சில் வீரப் பட்டங்களாகப் படிகள் பெருகின. அங்கிருந்து கிளைத்து, 1801இல் அமெரிக்காவின் சார்லஸ்டனில் 33 படிகளுடன் உருவானது ஸ்காட்டிஷ் ரைட். ஸ்காட்லாந்து பெயரில் மட்டும்தான்.

இங்கிலாந்தில் ராயல் ஆர்ச்சை உயிராக மதித்த ‘ஆன்ஷியன்ட்ஸ்’ 1751இல் தனி கிராண்ட் லாட்ஜ் கண்டார்கள். 1813இல் சமரசம்: தூய மேசன்ரிக்கு மூன்றே படிகள், அதற்கு மேல் இல்லை, ராயல் ஆர்ச்சையும் சேர்த்து! சண்டை போடும் இரண்டு கிளையன்ட்களுக்கு ஒரே டாகுமென்ட் எழுதியவர்களுக்கு இந்த வாக்கியம் புரியும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாத கிளை வேறு. 1770களில் ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா திருச்சியில் மேசன் ஆனார். லண்டன் பூரித்துப்போய் அவருக்கு அலங்கார ஏப்ரன் அனுப்பியது. 1775இல் பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத் தோல் தொழிலாளி, இன்னும் 14 பேரோடு, பிரிட்டிஷ் ராணுவ லாட்ஜ் ஒன்றில் சேர்ந்தார். 1784இல் லண்டன் சாசனம் தந்தது. கைக்கு வர மூன்று வருடம். பக்கத்துத் தெரு வெள்ளை லாட்ஜ்களோ, ஒரு மாநிலத்துக்கு ஒரே கிராண்ட் லாட்ஜ்தான், நீங்கள் செல்லாது என்றன. அதே மூன்று படி, அதே ஹிராம், அதே சாவு. விதியைக் காட்டிக் கதவைச் சாத்துவது எவ்வளவு வசதி!

ஹால் 1807இல் இறந்தார். நிலைத்து நின்ற முதல் அங்கீகாரம் 1989இல், கனெக்டிகட்டிலிருந்து. தென் மாநிலங்கள் சில அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் இழுத்தடித்தன.