நின்றபடி துடுப்பு போட்டவர்கள்

போன மே மாதம் பேரன் லீவுக்கு வந்ததிலிருந்து எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் முழுக்க மரத்தூள். சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் பலகை மேல் நின்றுகொண்டே துடுப்பு போடுகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். "கடையில வாங்கினா விலை ஜாஸ்தி தாத்தா, நானே செய்யப் போறேன்" என்றான். தச்சு வேலை எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. இருந்தாலும் தடுக்கவில்லை.

பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம். உள்ளே மீன் முள் மாதிரி பிளைவுட் சட்டங்கள். மேலும் கீழும் மெல்லிய மரைன் பிளைவுட். 'ஐஎஸ் 710' முத்திரை இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்கினான். அதன் மேல் கண்ணாடி நார்த் துணியை விரித்து எபாக்ஸி பிசினைத் தடவினான். மரமும் பிசினும் கண்ணாடி நாருமாகச் சேர்ந்த கூட்டுப் பலகை. உள்ளே வெறும் காற்று. நான் 65 கிலோ, பலகை ஒரு 15 கிலோ. இரண்டையும் தாங்க 78 லிட்டர் கடல்நீரை ஒதுக்கினால் போதும். ஆனால் ஆடாமல் நிற்க அதைப்போல் இரண்டு மடங்கு கொள்ளளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினான்.

ஹவாய் தீவுக்காரர்களின் பழைய கனமான பலகைகளைப் பார்த்து, அதே வடிவத்தை உள்ளே கூடாக, லேசாகச் செய்தவர் டாம் பிளேக் என்ற அமெரிக்கர். 1930களின் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். பேரன் செய்தது அந்த வம்சம். இதை அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவெல்லாம் கிளிஞ்சல்மேட்டில்தான் இருந்தது.

நான் பிறந்தது காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முந்தைய வருடம், 1953. என்னோடு படித்த மீனவ நண்பன் ஒருவன் பதினோரு வயதில் என்னைத் தன் அப்பாவின் கட்டுமரத்தில் ஏற்றினான். அலை உடையும் இடம்வரை முழங்காலிட்டுத் துடுப்பு போட்டான். அதைத் தாண்டியதும் எழுந்து நின்றுகொண்டான். நான் கடைசிவரை கயிற்றை விடவில்லை. வீட்டில் விழுந்த அடி தனிக்கதை.

'கட்டுமரம்' என்ற பெயரிலேயே செய்முறை இருக்கிறது. லேசான மரங்களை வாய்ச்சியால் செதுக்கித் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டுவது. ஆணி கிடையாது, பசை கிடையாது. நடுமரம் தாழ்ந்தும் பக்க மரங்கள் சற்று உயர்ந்தும் இருக்கும். அலை மேலே வந்து விழுந்தால் தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கிவிடும். உள்ளே என்று ஒன்று இல்லாததால் தண்ணீர் நிரம்பி மூழ்கவும் வழியில்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் காயப் போடுவார்கள். நீர் குடித்த மரம் கனத்துவிடும், மிதப்பு குறையும். ஒரு மரம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697இல் வந்த தன் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரே ஆள் ஏறும் சின்ன மரம், அவன் கால் எப்போதும் தண்ணீரில்தான் என்கிறார். துறைமுகம் கட்டாத காலத்துச் சென்னையில், படகு இறங்க முடியாத அலையிலும் கட்டுமரக்காரர்கள்தான் தலைக் குல்லாயில் கடிதங்களைச் செருகிக்கொண்டு கப்பலுக்குப் போனார்கள். 1876இல் ஹெரெஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டை உடல் கொண்ட படகு ஒன்றைக் கட்டிப் பந்தயத்தில் விட்டார். அதற்குப் பிறகு உலகம் முழுக்க 'கேடமரான்' என்றால் இரட்டைப் படகு என்றாகிவிட்டது. நம் மரத்துக்கு உடல் ஒன்றுகூடக் கிடையாது! பெயர் மட்டும் கடல் தாண்டிவிட்டது.

இங்கே கரையில் மரம் கிடைப்பது அரிதாகி விலை ஏறியது. கண்ணாடி நார்ப் படகுகள் வந்தன. 2004 டிசம்பர் 26 மிச்சத்தையும் வாரிக்கொண்டு போனது. என் நண்பன் குடும்பத்தோடு பிழைத்தான். அவன் கட்டுமரத்தில் ஒரே ஒரு மரம் சவுக்குத் தோப்பில் கிடைத்தது. நிவாரணத்தில் நான்கு பேருக்குச் சேர்த்து ஒரு ஃபைபர் படகு வந்தது. குறை சொல்ல முடியாது, நல்ல படகுதான். ஆனால் அதற்குப் பிறகு அவன் தனியாகக் கடலுக்குப் போனதே இல்லை. எஞ்சின், டீசல், நான்கு பேரின் சம்மதம் எல்லாம் சேர்ந்தால்தான் படகு இறங்கும். அதற்கு முன்பெல்லாம் விடியலில் மனசு சொன்னால் மரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

பலகை முடிந்த மறுநாள் பேரன் அதை வெயிலில் சாய்த்து வைத்தான். மத்தியானம் 'பட்' என்று ஒரு சத்தம். ஓரத்து ஒட்டு ஒரு முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது. பையன் முகம் செத்துவிட்டது. பார்க்க வந்திருந்த நண்பன் பிளவில் விரலை விட்டுப் பார்த்தான். "மூச்சு விட வழியில்லாம அடைச்சுட்டியே தம்பி. உள்ள இருக்க காத்து சூடேறினா எங்க போவும்?" என்றான். பிறகு தேடிப் பார்த்தால், கூடுப் பலகைக்குத் திருகு மூடியோடு ஒரு சிறு துளை அவசியமாம். கரையில் திறந்து வைக்க வேண்டும், தண்ணீரில் மூட வேண்டும். மறுபடி ஒட்டித் துளை போட ஐந்து நாள் ஆயிற்று.

அரசலாற்று முகத்துவாரத்துக்கு உள்ளே, தண்ணீர் அமைதியாக இருந்த ஒரு காலையில் இறக்கினோம். பேரன் இரண்டு தடவை விழுந்தான். நான் ஏறவில்லை, முட்டி ஒத்துழைக்காது. நண்பன் வேட்டியை மடித்துக் கட்டி முதலில் முழங்காலிட்டான், பிறகு எழுந்து நின்றான். எழுபது வயது ஆள். திரும்பிப் பார்க்காமல் மறுகரைப் பக்கம் வரை போய்விட்டு வந்தான். தனியாக.

கரையேறியதும் பலகையைக் குப்புறப் போட்டு அடியிலெல்லாம் தடவிப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. இதை எப்படி அவுக்குறது?"

பேரன் என்னைப் பார்த்தான்.

"அவுக்க முடியாது தாத்தா."

"அப்ப எப்படிக் காயும்?" என்று கேட்டுக்கொண்டே அவன் திருகு மூடியைத் திறந்தான்.